கஞ்சி போட்ட சிவப்பு நூல்

முதலில் தெரிந்தது ஒரு கண் மட்டுந்தான்.

தென்னங்கிடுகு வேலியில் கோழிக்குஞ்சு நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு, சின்ன ஓட்டை. அதற்கு இந்தப் பக்கம் ஸம்ஸியா குனிந்திருந்தாள். அந்தப் பக்கம் யாரோ ஓர் ஆண் குனிந்திருந்தான். கறுத்த இமை... நெற்றியிலிருந்து வழிந்த ஒரு சொட்டு வியர்வை... பதறிப்போன ஒரு பார்வை... ஸம்ஸியா வெடுக்கென்று பின்வாங்கி முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டாள்.

"ஆரது? குமர்ப் புள்ள இரிக்கிற வீட்டு வேலிக்குள்ளால பார்க்கிறது?"

"அல்லாட காவல்! நான் உங்களப் பார்க்கல்ல. என்ட பூனைக் குட்டியப் பார்க்கிறன். இதுக்குள்ளாலதான் உள்ளுக்குப் போச்சு."

"அதுக்கு வாசல் கடப்படியில வந்து மனிசன் மாதிரிக் கேக்கலாந்தானே?"

"கடப்படியில உங்கட உம்மா நிக்கிறா. பூனை பாஞ்ச பாய்ச்சலுக்கு அவ போட்ட சத்தம் மருதமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அதான் இங்கால வந்தன்..."

ஸம்ஸியாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

காலடியில் மஞ்சள் வரி போட்ட ஒரு குட்டி நின்று அவளை அண்ணாந்து பார்த்தது. கழுத்தில் ஒரு சிவப்பு நூல் மாலை போலச் சுற்றிக் கிடந்தது.

வந்தவன் பெயர் கலந்தர். மருதமுனை நெசவுகாரன். தன் தறியில் நெய்த சாரன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கல்முனைக்குடித் தெருக்களில் விற்பவன். கஞ்சி போட்ட நூலைத் தேடி எலி வரும், எலிக்குப் பயந்து பூனை வளர்ப்பார்கள். ஆகவே நெசவு வீடுகளில் பூனைக்குக் குறைவில்லை. அன்று காலை ஒரு குட்டி சாரன் மூட்டைக்குள் புகுந்து தூங்கிவிட்டது. ஸம்ஸியாவின் தாய் சல்மா உம்மா விலை கேட்டு மூட்டையை அவிழ்க்கச் சொன்னபோது, சாரனுக்கு முன்னால் பூனை வெளியே வந்தது.

"குட்டியத் தாங்க, நான் போகணும்."

"வேலிக்கு இங்கால வந்தது எங்கட."

"அப்பிடியெண்டா நாளைக்கு என்ட சைக்கிள் உங்கட வளவுக்குள்ள வந்தா அதுவும் உங்கடயா?"

"சைக்கிள் மீன் தலை தின்னாது. அத நீங்களே வெச்சிக்கங்க."

வேலிக்கு அப்பால் மெல்லிய சிரிப்பு... மழைக்கு முந்திய காற்று தென்னோலையைத் தொட்டது போல.

"சரி. அமானிதமா வெச்சிக்கங்க. அடுத்த முறை வரக்குள்ள கேப்பன். குறையொண்டும் இல்லாமத் தரணும்."

சைக்கிள் மணி தெருமுனை வரை ஒலித்துத் தேய்ந்தது.

அமானிதம்! விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆனால் அந்தச் சொல் விளையாட்டல்ல. ஒருவன் நம்பி ஒப்படைத்ததை ஒரு முடி குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லாஹ் அதைக் கேட்பான் என்று கேட்டு வளர்ந்தவள் ஸம்ஸியா.

குட்டிக்குச் 'சீனி' என்று பெயர் வைத்தாள். கழுத்து நூலைக் கழற்றினாள். எறிந்திருக்க வேண்டியதுதான். எறியவில்லை. ஓர் ஈர்க்கில் அழகாகச் சுற்றி, வேலிப் பொட்டுக்கு மேலே கிடுகில் செருகி வைத்தாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்குத் துணிவில்லை.

மாலை நேரங்களில் அந்த நூலைக் கொஞ்சம் அவிழ்த்துச் சீனியின் முன்னால் ஆட்டுவாள். அது பாய்ந்து பாய்ந்து பிடிக்கும், நக்கும், கடிக்கும். சோற்றுக் கஞ்சியும் தேங்காய் எண்ணெயும் பூசிய நூலல்லவா... ருசியாக இருந்திருக்கும். அந்த நூலைத் தொடும்போதெல்லாம் அவளுக்கும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும்.

ஐம்பத்தேழாம் வருஷ வெள்ளத்துக்கு முந்திய மாரி அது. மழை பிடித்த மறுநாள் சீனி சாப்பிடவில்லை.

முதலில் மஞ்சளாக ஒரு வாந்தி. பிறகு வயிற்றோட்டம். பிறகு அதுவும் நின்று, முதுகை வளைத்து வளைத்து முக்கியது... ஒன்றும் வரவில்லை. நேற்று வரைக்கும் உருண்டு திரிந்த வயிறு உள்ளே ஒட்டிக்கொண்டது. தூக்கினால் நனைந்த துணி போலத் தொங்கியது.

"எல்லாம் அந்தப் பாலால வந்த வினை" என்றாள் சல்மா உம்மா.

பால் கொண்டுவந்த சின்னத்தங்கம் கடப்படியிலேயே செம்பை இறக்கி வைத்துவிட்டாள். "என்ட மாட்டுப் பாலிலயா பழி போடுறீங்க? ஊர்ப் புள்ளையெல்லாம் குடிச்சிட்டு மாடு மாதிரித் திரியுதுகள். உங்கட பூனைக்கு மட்டும் வவுறு நோகுமாகா?"

"அப்ப கண்ணூறா இரிக்கும்" என்று உம்மா சட்டென்று மாற்றிக்கொண்டாள். பள்ளி லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார்கள். சீனி இரண்டு நக்கு நக்கியது. ஸம்ஸியாவின் முகம் மலர்ந்தது. மறுகணம் அது தள்ளாடிப் போய், உம்மா தொழுவதற்கு விரித்திருந்த பாயிலேயே அத்தனையையும் கக்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அச்சிமுகம்மது உள்ளே வந்தார்.

அச்சிமுகம்மது அவளுடைய காக்கா, மூத்த அண்ணன். கரைவலைச் சொந்தக்காரர். வாப்பா மவுத்தான நாளிலிருந்து இந்த வீட்டுக்கு அவர்தான் வாப்பா. தங்கைக்கு ஒரு கல்வீடு கட்டி, அதில் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் தனக்கொரு கலியாணம் என்று இருப்பவர். பாதி எழும்பிய அந்தச் சுவர் வளவின் தென்பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. கெட்ட மனிதரல்ல... ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்றமாட்டார்.

"தொழுற பாயிலயா? இனி ஏலா. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லக்குள்ள இது இந்த வளவுக்குள்ள இரிக்கப்படாது. கடக்கரை மீன் வாடியில விடுறன். மீன் தலை திண்டு பிழைக்கட்டும்."

"காக்கா... அதால எழும்பி நிக்கவே ஏலாமக் கிடக்கு. காகம் கொத்திரும்."

"நான் சொன்னது சொன்னதுதான்."

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு அவர் பள்ளிக்குப் போனார். ஸம்ஸியா பாயைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, சீனியை ஒரு பழைய துணியில் கிடத்தினாள். அது வாலைத் தூக்கி மறுபடி முக்கியது. அப்போதுதான் கண்டாள். வாலுக்குக் கீழே ஒரு விரற்கடை நீளத்துக்கு... சிவப்பாக... ஒரு நூல்.

அவளுடைய கண்கள் தாமாகவே வேலிக்குப் போயின. ஈர்க்கில் சுற்றிய நூல் அங்கே இருந்தது. ஆனால் முன்னைவிட மெலிந்திருந்தது. முந்தநாள் விளையாடும்போது நுனி அறுந்ததும், மணலில் விழுந்திருக்கும் என்று அவள் தேடாமல் விட்டதும் நினைவுக்கு வந்தன.

யா அல்லாஹ்... நானா?

"என்ன புள்ள பார்க்கிறாய்?" உம்மா குனிந்தாள். "அட, நூலொண்டு தொங்குது! இதான் வருத்தமா? இரு, ஒரு இழுவை இழுத்தா வந்திரும்."

உம்மாவின் இரண்டு விரல்கள் நூலைப் பிடித்தன...

"இழுக்காதீங்கோ!"

வேலியே அதிர்ந்தது போல ஒரு குரல். தெருவில் ஒரு சைக்கிள் விழுந்த சத்தம். சலாமும் இல்லை, கேள்வியும் இல்லை... கடப்பைத் தாண்டி ஒருவன் முற்றத்துக்குள் ஓடி வந்துவிட்டான்.

உம்மாவின் கை விலகிவிட்டது. ஸம்ஸியா முக்காட்டை இழுக்கவும் மறந்து போனாள். இதுவரை ஒற்றைக் கண்ணாக இருந்தவன் இப்போது முழு மனிதனாக முன்னால் நின்றான். மழையில் நனைந்த தலைமயிர்... மூச்சு வாங்கும் நெஞ்சு... அதே பதறிய பார்வை.

"இழுத்தா உள்ளுக்குக் குடல் சுருங்கி அறுந்து போகும் உம்மா. தறிப் பாவு நூலுல சிக்கு விழுந்தா நாங்க இழுக்கிறல்ல. இழுத்தா இறுகும். தளரத் தளர விட்டாத்தான் அவிழும். கத்தரிக்கோல் இரிக்கா? வெளிய தெரியிறத மட்டும் ஒட்ட வெட்டி விடுங்க. மிச்சம் தன்பாட்டுல வரணும்."

பிறகு ஸம்ஸியாவின் பக்கம் திரும்பினான். அவளைப் பாராமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "வாயத் திறந்து நாக்குக்கு அடியில பாருங்க. அங்க நூல் மாட்டி இரிக்கா?"

அவள் பார்த்தாள். "இல்ல..."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப பிழைக்க வழி இரிக்கி. பால் குடுக்காதீங்க. சோத்துக் கஞ்சிய நல்லா நீர்க்க வடிச்சி, உப்பு ஒரு கிள்ளுப் போட்டு, துணி நுனியால சொட்டுச் சொட்டா நாக்குல வைங்க."

அந்தக் கனிவே அவளைச் சுட்டது. இவன் ஒப்படைத்த அமானிதத்தை நான் கொல்லப் பார்த்தேனே என்ற பயம் அவளைப் பிடித்தது. வெளியே வந்தபோது அது கோபமாக மாறிப்போயிருந்தது.

"எல்லாம் உங்களாலதான்! உங்கட நூல்தானே இது? உங்கட வீட்டுல நூல் திண்டு வந்த குட்டிய என்ட தலையில கட்டிட்டு, இப்ப வந்து வைத்தியம் சொல்றீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் கண்டாள். கடப்படியில் காக்கா நின்றார். எல்லாம் அவருக்குக் கேட்டுவிட்டிருந்தது.

"ஆரு நீ?" அச்சிமுகம்மதுவின் குரல் தணிந்திருந்தது. அவர் குரல் தணிந்தால்தான் பயம். "ஆம்புள இல்லாத நேரம் வளவுக்குள்ள வாறதுக்கு உனக்கு என்ன துணிவு?"

"பிழைதான் காக்கா. மன்னிச்சிக்கங்க. உம்மா நூல இழுக்கப் போனத ரோட்டுல இருந்து கேட்டன். யோசிக்க நேரம் இருக்கல்ல."

"தங்கச்சி சொல்றது உண்மையா? நோய்க்குட்டியவா ஏமாத்திக் குடுத்தாய்?"

கலந்தர் வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்ல அவனிடம் காரணம் இருந்தது. அவன் வீட்டில் விழுங்கிய நூலானால், குட்டி இத்தனை நாள் துள்ளி விளையாடியிருக்குமா? ஸம்ஸியா அதை அவன் முகத்திலேயே வாசித்தாள். அப்போது அவன் பார்வை வேலிப் பக்கம் போனது. பொட்டுக்கு மேலே... ஈர்க்கில்... அழகாகச் சுற்றி வைத்த சிவப்பு நூல்.

அவன் கண்டுவிட்டான். அவன் கண்டதை அவளும் கண்டாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு.

கலந்தர் தலையைக் குனிந்தான்.

"ஓம் காக்கா. என்ட நூல்தான். பிழை என்னிலதான்."

"அப்ப கேட்டுக்க. இனி இந்தத் தெருவுல உன்ட சைக்கிள் மணி கேக்கப்படாது. கல்முனைக்குடி முழுக்க நானே சொல்லுவன், இவன நம்பி ஒண்டும் வாங்காதீங்க எண்டு. குட்டியத் தூக்கிட்டு நட."

"போறன் காக்கா. ஆனா இப்ப குட்டிய அசைச்சா செத்திரும். அஸர் வரைக்கும் விடுங்க. நான் வெளிய ரோட்டுல நிக்கிறன். உயிரோட இருந்தாலும்... இல்லாட்டியும்... நானே கொண்டு போறன்."

"ரோடு என்ட வாப்பாடயா? நில்லு."

வெளியே பூவரசு மரத்தின் கீழ் அவன் போய் நின்றான். மழை வலுத்தது.

ஸம்ஸியா கஞ்சி வடித்தாள். துணி நுனியில் தோய்த்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, சீனியின் நாக்கில் வைத்தாள். ஒரு சொட்டு... இன்னொரு சொட்டு... கக்கவில்லை. ஆனால் வயிறு கல்லாக இருந்தது. மூச்சு மட்டும் வேகவேகமாக ஓடியது.

இடையில் ஒரு தரம் வேலிப் பொட்டுக்குள்ளே பார்த்தாள். பூவரசு இலைகளிலிருந்து தண்ணீர் அவன் தோளில் கொட்டிக்கொண்டிருந்தது. சாரன் மூட்டை மட்டும் நனையாமல் மரத்தோடு ஒட்டி வைக்கப்பட்டு, மேலே அவன் சட்டை மூடிக் கிடந்தது. அவன் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

அந்த முதுகு அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு மனிதனுடைய பெயர் கெடப் போகிறது. அவன் பிழைப்புப் போகப் போகிறது. என் மானம் காக்க அவன் பொய்யைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டான். நான் வாயை மூடிக்கொண்டு கஞ்சி ஊட்டுகிறேன். பூனைக்கு இரக்கம் காட்டி மனிதனுக்கு அநியாயம் செய்கிறவளுடைய துஆ எந்த வானத்துக்கு ஏறும்?

அவள் சீனியை உம்மாவின் மடியில் வைத்தாள். எழுந்தாள். பாதிச் சுவருக்குள், தென்னோலைக் கூரையின் கீழ், காக்கா வலைக்கண் முடிந்துகொண்டிருந்தார்.

"காக்கா..."

"என்ன, செத்திட்டா?"

"இல்ல. அந்த மனிசன்... அவர் பொய் சொன்னாரு."

அச்சிமுகம்மது நிமிர்ந்தார். "நான் சொன்னன்தானே, ஏமாத்துக்காரன்..."

"அப்பிடியில்ல காக்கா! தன்ட பிழை எண்டு சொன்னாரே... அதுதான் பொய். குட்டி வரக்குள்ள அதுட கழுத்துல நூல் கிடந்திச்சு. நான்தான் எடுத்து வெச்சன். நான்தான் அத ஆட்டி விளையாட்டுக் காட்டினன். அதத்தான் திண்டிருக்கு. பயத்துல அவர்ட தலையில பழியப் போட்டுட்டன். அவர் வேலியில நூலக் கண்டவர்... கண்டும் சொல்லல்ல."

வலைக்கண் பாதியில் நின்றது.

"ஒரு துண்டு நூல எதுக்குப் புள்ள எடுத்து வெச்சாய்?"

மழை ஓலையில் கொட்டியது. ஸம்ஸியாவின் தலை தாழ்ந்து தாழ்ந்து போய்த் தாடை நெஞ்சில் முட்டியது. ஒரு சொட்டுக் கண்ணீர் வலையில் விழுந்தது.

அச்சிமுகம்மது அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பாதிச் சுவரைப் பார்த்தார். கல் கல்லாக அவர் எழுப்பிய சுவர்... யாரோ ஒருவன் வந்து குடியிருக்க.

பள்ளியில் அஸர் பாங்கு ஒலித்தது.

அவர் எழுந்தார். அவர் முற்றத்தைக் கடந்தார்... உம்மாவின் மடியருகே ஒரு கணம் தயங்கினார்... குடையை எடுத்தார். குட்டியை எடுக்கவில்லை. கடப்பைத் தாண்டிப் பூவரசு மரத்தடிக்குப் போனார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஸம்ஸியாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"தம்பி, உங்கட பேரென்ன?"

"கலந்தர்."

"பாங்கு சொல்லியாச்சு. வாங்க தொழப் போவம். நல்லா நனைஞ்சிட்டீங்க... குடைக்குள்ள வாங்க."

நீங்க! சற்று முன்னர் 'நட' என்று சொன்ன அதே வாய்!

அவர்கள் போன பிறகு ஸம்ஸியாவும் தொழுதாள். அந்தத் தொழுகையில் அவள் கேட்டது சீனியின் உயிர் ஒன்றுதான். மற்றதைக் கேட்க வெட்கமாக இருந்தது... கேளாததையும் அறிகிறவன் அல்லாஹ். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது உம்மா சத்தம் போட்டாள்.

"புள்ள! ஓடி வா! கெதியா!"

சீனி துணியிலிருந்து இறங்கியிருந்தது. நான்கு கால்களும் நடுங்க, மணலைப் பிறாண்டி, முதுகை வளைத்து முக்கியது. ஸம்ஸியாவின் கை தன்னை அறியாமல் நீண்டது. இழுத்தா இறுகும்... கையை மடக்கிக்கொண்டாள். உள்ளங்கையில் நகம் பதிந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த நேரத்துக்கு முடிவே இல்லை போலிருந்தது.

அப்புறம்... சளியோடும் கழிவோடும் சுருண்டு, ஒரு சிவப்பு நூல் மணலில் கிடந்தது.

சீனி அதன் மேல் மணலைத் தள்ளி மூடியது. பெரிய வேலை முடித்த பண்ணையார் போல நடந்து வந்து கஞ்சிக் கிண்ணத்தில் முகத்தை வைத்தது.

உம்மா அழுதாள். ஸம்ஸியா சிரித்தாள். பிறகு ஸம்ஸியா அழுதாள், உம்மா சிரித்தாள்.

மழை விட்டிருந்தது. பள்ளியிலிருந்து திரும்பிய காலடிகள் தெருவில் கேட்டன. அச்சிமுகம்மது உள்ளே வந்து, கிண்ணத்தையும் குட்டியையும் பார்த்தார். "ம்... இனி மீன் தலைய இங்கயே கொண்டு வரணும் போல" என்று மட்டும் சொன்னார். பிறகு, வேண்டுமென்றே வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "உம்மா, தேத்தண்ணி ஒண்டு ஊத்துங்க. வெளிய ஒரு ஆளும் இரிக்கிறார்" என்றார்.

ஸம்ஸியா வேலிப் பொட்டருகே போய் நின்றாள்.

"வந்திட்டு..." என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"காக்கா சொன்னாரு..." என்றது அந்தப் பக்கம்.

"நூல் வந்திட்டு எண்டு சொன்னன்!"

"ஓ! அல்ஹம்துலில்லாஹ்!" அவன் தடுமாறினான். "நான் வேற ஒண்ட நினைச்சிட்டன்..."

"காக்கா என்ன சொன்னாரு?"

"ஒண்டும் சொல்லல்ல. பள்ளி வரைக்கும் வந்தார், திரும்பி வந்தார். 'உங்கட வாப்பாவ ஒரு நாளைக்கு வந்து என்னோட கதைக்கச் சொல்லுங்க' எண்டார். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! ஸம்ஸியா கிடுகைப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடாமல் இருக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றான் கலந்தர். குரலில் விளையாட்டும் நடுக்கமும் கலந்திருந்தன. "நம்மட ஊர் வழக்கத்துல மாப்பிள்ளதானே பொண்ணு வீட்டுக்குப் போற? அந்தக் கல்வீட்டுக்குள்ள... ஒரு தறி போட இடம் இரிக்குமா?"

"பூனை இரிக்கிற வீடு. நூல ஒளிச்சி வைக்கணும்."

"ஒளிச்சி வைக்கிறதுக்கு அங்க நல்ல கெட்டிக்காரி ஒரு ஆள் இரிக்கிறா... ஈர்க்குல சுத்தி வெச்சதக் கண்டன்."

அவள் முகம் பற்றி எரிந்தது. ஈர்க்கை உருவினாள். மிச்சமிருந்த சிவப்பு நூலோடு அதைப் பொட்டுக்குள்ளால் நீட்டினாள்.

"இந்தாங்க. இதுவும் உங்கட அமானிதந்தான். கொஞ்சம் குறைஞ்சி போச்சு... மாப்புச் செய்யுங்க."

அவன் வாங்கவில்லை.

"காக்காட்ட உண்மையச் சொல்லிட்டீங்க எண்டு விளங்குது. எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. எறியிற நூல எதுக்கு வெச்சிருந்தீங்க?"

காற்று வந்தது. பூவரசு மரம் மிச்ச மழையை உதிர்த்தது. காக்காவிடம் சொல்ல முடியாமல் கண்ணீராய்ப் போன பதில் இப்போது உதட்டுக்கு வந்து நின்றது. அவள் குனிந்தாள். பொட்டுக்கு அந்தப் பக்கம் அதே கண்... இன்று பதறவில்லை, காத்துக்கொண்டிருந்தது.

இந்த முறை ஸம்ஸியா பின்வாங்கவில்லை.

"நீங்க போன பொறகு... உங்கடயெண்டு என்னட்ட அது மட்டுந்தான் இருந்திச்சு."